அறுநூற்று ஒன்றாவது உறை

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, நகரின் வடக்கு எல்லையில் உள்ள காவல்துறைத் துப்பாக்கிப் பயிற்சித் திடலில் அறுநூறு தோட்டாக்கள் சுடப்பட்டு, அறுநூற்று ஒரு காலி உறைகள் பொறுக்கப்பட்டன.

குறைவுக்கு விதி இருந்தது. சுட்டதும் துப்பாக்கி துப்பிப் போடும் பித்தளை உறை ஒவ்வொன்றும் கிடங்குக்குத் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் சுட்டவர்கள் அத்தனை பேரும் தோளோடு தோள் உரச வரிசையாக நின்று, குனிந்தபடியே திடலைக் கடக்க வேண்டும். கிடைக்காவிட்டால் திரும்பி நடக்க வேண்டும். புல்லை வெட்டலாம், மண்ணைச் சலிக்கலாம், சாப்பாட்டை நிறுத்தி வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் உண்டு. ஒருமுறை ஓர் உறைக்காக இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள் மழை பெய்து மண் கரைந்ததில் அது தானாக மேலே வந்தது. அந்த மழைக்கும் ஒரு படிவம் நிரப்பினார்கள்.

மிகுதிக்கு விதி இல்லை.

"கொறஞ்சா தேடலாம். கூடினா என்னய்யா பண்றது?" என்றார் திடல் அதிகாரி. அவர் யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. ஆனாலும் சுட்டு முடித்து நின்ற முப்பது காவலர்களும் ஒரே சமயத்தில் காந்தத்தைப் பார்த்தார்கள்.

காந்தம் என்பது திடலில் உறை பொறுக்குகிறவனுக்குக் காவலர்கள் வைத்த பெயர். பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது அவர்களுக்குத் தெரியும்; தெரிந்தேதான் வைத்தார்கள். பன்னிரண்டு வருடமாக அவன் அங்கே தற்காலிக ஊழியன். அவனை நிரந்தரமாக்கும் கோப்பு கடைசி மேசைக்கு வந்துவிட்டதாக நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவன் வேலை பொறுக்குவது மட்டுமல்ல. காலையில் தோட்டாக்கள் கிடங்கிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் நிறப்பொட்டு வைக்க வேண்டும். சுடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். யாருடைய உறை தொலைந்தது என்று அறிய மூன்று வருடம் முன்பு தலைமையகம் கொண்டுவந்த ஏற்பாடு இது. முப்பது பேருக்கு முப்பது நிறம் தேவைப்பட்டது. கடைகளில் பத்தொன்பதுதான் கிடைத்தது. மீதிப் பதினொன்றைச் சுற்றறிக்கை உண்டாக்கியது: வெளிர் நீலம், சற்றே வெளிர் நீலம், முன்னதைவிடச் சற்றுக் குறைந்த வெளிர் நீலம். சிவப்பு அதிகாரிகளுக்கு மட்டும். கறுப்பு வேண்டாம், துப்பாக்கியோடு சேரும்போது துக்கமாகத் தெரியும் என்று யாரோ ஓரத்தில் குறிப்பெழுதியிருந்தார்கள்.

சாதாரணச் சாயம் சூட்டில் கருகியது. நகப்பூச்சுதான் தாங்கியது. கிடங்குப் பதிவேட்டில் அதற்கு 'உலோகக் குறியீட்டுத் திரவம்' என்று பெயர். தீக்குச்சி முனையில் தொட்டுத் தொட்டு வைக்கிற காந்தத்தின் விரல்களில் எப்போதும் நான்கைந்து நிறம் ஒட்டியிருக்கும்.

"கட்டிக்கிட்டு வந்து இருவது வருஷம் ஆச்சு. எனக்கு ஒரு பாட்டில் வாங்கித் தந்ததில்ல. தோட்டாவுக்குப் பூசி அழகு பாத்துட்டு வர்றீங்க" என்பாள் மனைவி. முன்பெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்வாள். போன ஆகஸ்டுக்குப் பிறகு சொல்வதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். பதினொரு மணிக்கு எண்ணியபோது ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தது. பாசிப்பச்சைப் பொட்டில் ஒன்று குறைந்தது. அது பதினான்காம் இடத்தில் சுட்ட தடித்த காவலரின் நிறம். வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. முப்பது பேரும் குனியத் தயாராகப் பெருமூச்சு விட்டார்கள். காந்தம், "குப்பை வாளியில பாத்துட்டு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் கொட்டகைக்குப் போனான்.

கொட்டகையில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் புல்லிலும் சாக்கடையிலும் மிதியடிக்குக் கீழும் அகப்பட்ட பழைய உறைகளை அதில் போட்டு வைப்பான். குறையும் நாளில் ஒன்றை எடுத்து, உரிய நிறத்தைத் தொட்டு வைத்து, வாளிக்குள் கிடந்ததாகக் கொண்டுவருவான். காவலர்களுக்கு அரைகுறையாகத் தெரியும். திடல் அதிகாரிக்குத் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. கணக்கு சரியாக இருந்தால் எல்லோரும் சாப்பிடப் போகலாம்.

அன்று டப்பாவில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை எடுக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் வெளியே முப்பது பேர் நின்றார்கள். மூட்டையைக் கட்டி அரக்கு வைப்பது சாயங்காலம்தான், அதற்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். பாசிப்பச்சை தொட்டு வைத்தான், ஊதிக் காயவைத்தான், கொண்டுபோய்ச் சேர்த்தான். அறுநூறு ஆயிற்று. திடல் அதிகாரி கையெழுத்துப் போட்டார். அந்த நிமிடத்தில் தடித்த காவலர் கால் அரிக்கிறது என்று பூட்ஸைக் கழற்றி உதறினார். அதிலிருந்து ஒரு பித்தளை உறை விழுந்து, சிமென்டுத் தரையில் உருண்டு, திடல் அதிகாரியின் பூட்ஸில் முட்டி நின்றது. பாசிப்பச்சை.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க. யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் திடல் அதிகாரி.

*

புதன்கிழமை காலை தலைமையகத்திலிருந்து துணை இயக்குநர் வந்தார். அவரே தலைவராகவும், அவரே இரு உறுப்பினர்களாகவும் 'மிகுதி விசாரணைக் குழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் வரும்வரை காத்திருந்தால் தாமதமாகும் என்பதால் அப்படி. உயரமான, மெலிந்த மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் வந்ததும் திடலின் இரும்புக் கதவை உள்பக்கம் பூட்டினார்கள்.

முப்பது பேரையும் நிற்க வைத்து அவர் பேசினார். "ஒரு காலி உறைன்னா ஒரு வெடி. ஒரு வெடின்னா ஒரு உத்தரவு. இங்க உத்தரவு அறுநூறு. அப்போ உத்தரவில்லாம ஒரு வெடி வெடிச்சிருக்கு. இதுல எனக்குக் கோபமில்ல. யாருமே சுடாம ஒண்ணு வெடிச்சுதுன்னா அதுவும் எனக்குச் சம்மதந்தான். ஆனா படிவத்துல சுட்டவர் கட்டம் காலியா இருக்கக் கூடாது. இந்தத் துறையில நாம உண்மையைத் தேடுறதில்ல, சமத்தைத் தேடுறோம். உண்மை இன்னிக்கி ஒண்ணு சொல்லும், நாளைக்கி ஒண்ணு சொல்லும். ரெண்டு கட்டமும் சமமா இருந்துட்டா, அது மாறாது."

முதலில் சத்த வாக்குமூலம். அன்று எத்தனை வெடி கேட்டது என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். பதினேழு பேர் அறுநூற்று ஒன்று கேட்டதாக எழுதினார்கள். ஒன்பது பேர், எதற்கும் இருக்கட்டுமென்று அறுநூற்று இரண்டு என்றார்கள். மூன்று பேர் நினைவுபடுத்திக்கொள்ள அவகாசம் கேட்டார்கள். தடித்த காவலர் மட்டும், காதில் பஞ்சு வைத்திருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதினார். காதில் பஞ்சு வைக்கச் சொல்வது துறையின் விதிதான். இருந்தாலும் அவரைத் தனியே உட்கார வைத்தார்கள்.

"யோவ் காந்தம், ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன்யா" என்று அவர் ஜன்னல் வழியாக முணுமுணுத்தார். "டப்பாவுல இருந்து போட்டேன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. எனக்கு ரெண்டு பொண்ணுங்கய்யா."

"சொல்றேண்ணே. கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துக்கிட்டுதான் இருக்கேன். பூட்ஸைக்கூட வாங்கி வச்சுக்கிட்டாங்க."

காந்தம் சொல்லத்தான் இருந்தான். அது வேறு ஏதாவது உறையாக இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லி, திட்டு வாங்கி, கோப்பு இன்னும் நான்கு வருடம் கடைசி மேசையில் கிடக்கட்டும் என்று விட்டிருப்பான்.

பிற்பகலில் அறுநூற்று ஒன்றாவது குண்டைத் தேடினார்கள். இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் குண்டுகளை வாங்கிக்கொள்ளும் மண்மேட்டைச் சலிக்க உத்தரவாயிற்று. சாயங்காலத்துக்குள் பதினோராயிரத்துக்கு மேல் ஈயக்குண்டுகள் வந்து குவிந்தன. மேட்டைக் கடைசியாகச் சலித்த பிறகு இந்தத் திடலுக்கு வழங்கியதோ எட்டாயிரம் என்று கிடங்கு எழுத்தர் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார். துணை இயக்குநர் குவியலை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதை நாம பாக்கல" என்றார். மேட்டைத் திரும்ப மூடினார்கள்.

வியாழக்கிழமை காலை மறுநிகழ்வு. அதே முப்பது பேர், அதே இடங்களில், அதே நிறங்களோடு அறுநூறு தோட்டாக்களைச் சுட்டு, எத்தனை உறை வருகிறது என்று பார்ப்பது. அறுநூறு வந்தது. 'சோதனை ஒத்துழைக்கவில்லை' என்று குழு பதிவு செய்தது.

அதன் பிறகுதான் கிடங்கு எழுத்தர் தயங்கித் தயங்கி எழுந்தார். ஓய்வுக்கு ஒரு வருடம் மிச்சமுள்ள மனிதர். எந்தக் காகிதத்தையும் மூக்கருகே கொண்டுபோய்த்தான் படிப்பார். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் இருபத்தொரு பாசிப்பச்சை உறைகளையும் வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றை அவர் மூக்கருகே கொண்டுபோனார்.

"சார், உறையோட அடியில ஃபாக்டரில தொகுதி எண் பொறிச்சிருப்பாங்க. செவ்வாய்க்கிழமை சுட்டது பூராவும் ஐம்பத்திரண்டு நாப்பத்தாறு. இது நாப்பத்தி நாலு பதினேழு."

"அந்தத் தொகுதி எங்க போச்சு?"

எழுத்தர் பழைய பதிவேட்டை எடுத்துவந்து விரலை ஓட்டினார். "மொத்தம் நாப்பது தோட்டாதான் வெளிய போயிருக்கு சார். போன வருஷம் ஆகஸ்ட் பத்தொம்பது. ஆத்துப் பாலம் பந்தோபஸ்து. கூட்டம் கூடின அன்னிக்கி. மறுநாளே நாப்பதும் சுடாம திரும்பிடுச்சு. வரவு வச்சிருக்கு."

பாலத்தில் ஒரு தோட்டாவும் சுடப்படவில்லை என்று துறை ஆகஸ்ட் இருபதாம் தேதி அறிக்கை வெளியிட்டிருந்தது. அந்த அறிக்கை திடலின் அறிவிப்புப் பலகையில் இன்னமும் ஒட்டியிருந்தது.

துணை இயக்குநர் பதிவேட்டை மெதுவாக மூடினார். "பதினான்காம் இடத்துக் காவலரை வீட்டுக்கு அனுப்புங்க. பூட்ஸைக் கொடுத்துடுங்க" என்றார். பிறகு முதல்முறையாகக் காந்தத்தைப் பார்த்தார். "நீ நாளைக்கு வா. தனியா பேசுவோம்."

*

மாலை ஐந்தரை மணிக்குக் காந்தம் வீட்டு மொட்டைமாடிக்குப் போனபோது, மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். மறுநாள் வெள்ளிக்கிழமை. காணாமல் போனவர்களைப் பற்றிக் காவல் நிலையத்தில் வெள்ளிக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரைதான் கேட்பார்கள். அவள் தம்பியின் நீலச் சட்டை ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள். அடையாளத்துக்கு ஒரு துணி கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வாரமும் துவைத்து மடித்துக் கொண்டுபோவாள். துணி வாங்கும் அதிகாரி விடுப்பில் இருப்பார்.

தம்பி தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கிறவன். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம், கம்பிச் சுருள் மாற்றிய மோட்டாரைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பாலத்தைத் தாண்டிப் போனான். வரவில்லை. பாலத்தில் காணாமல் போனான் என்று அவள் புகார் எழுதிக்கொண்டு போனபோது நிலையத்தில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார்: "பாலத்துல ஒண்ணும் நடக்கலம்மா. எதுவும் நடக்காத எடத்துல எப்படி ஒருத்தர் காணாமப் போவாரு? வேற எடம் எழுதிட்டு வாங்க, பதிஞ்சுக்கிறோம்." ஏழு மாதமாக அவள் வேறு இடம் எழுத மறுத்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான் காந்தம்.

"சொல்லுங்க." அவள் துணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"மறுநாள் காலையில நான் பாலத்துக்குப் போய்த் தேடினேன்ல. தண்ணி லாரி வச்சு பாலத்தையே கழுவி விட்டிருந்தாங்க. வடக்குப் படிக்கட்டு முடியிற எடத்துல ஒரு சாக்கடைக் கம்பி இருக்கு. அதுல ஒரு காலி உறை சிக்கியிருந்துச்சு."

இப்போது அவள் திரும்பினாள்.

"பித்தளையைப் பாத்தா கை தானா போகும். எடுத்து பையில போட்டுட்டேன். எடுத்த அப்புறந்தான் என்ன எடுத்தோம்னே தெரிஞ்சுது."

"எங்க அது?"

"டப்பாவுல வச்சிருந்தேன். வேலை செய்யிற எடத்துல."

"ஏழு மாசமா?"

கீழே கிடந்த துணிக் கிளிப் ஒன்றை அவன் குனிந்து பொறுக்கினான்.

"ஏழு மாசமா நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவங்ககிட்டப் போய் நின்னு, பாலத்துல பாலத்துலன்னு கத்திட்டு வர்றேன். நீங்க அதைப் பிஸ்கட் டப்பாவுல போட்டு மூடி வச்சிருந்தீங்க."

"சொன்னா நீ அதை எடுத்துக்கிட்டு நேரா அங்கதான் போவ. வாங்கி வச்சுக்கிட்டு, அப்படி ஒண்ணு தரவே இல்லேன்னுடுவாங்க. உன்னையும் உள்ள வச்சிருப்பாங்க. நான் அவங்ககூடப் பன்னெண்டு வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"தெரியும். உங்களுக்கு எல்லாம் தெரியும்." அவள் சட்டையைத் தோளிலிருந்து எடுத்து நான்காக மடித்தாள். "இப்ப எங்க இருக்கு?"

"அவங்க மேசை மேல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள."

நடந்ததை எல்லாம் சொன்னான். பூட்ஸ் உதறிய இடத்தில் வேறு எப்போதாவது என்றால் அவள் சிரித்திருப்பாள். முடித்ததும் கொடியில் மிச்சமிருந்த துணிகளையும் எடுத்தாள். "எடுத்த எடத்தை அவங்க காகிதத்துல எழுதிட்டா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் கடைசியில். "பாலம்னு ஒரு வார்த்தை. அவங்க முத்திரையோட."

*

வெள்ளிக்கிழமை முற்பகல் திடல் அதிகாரியின் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். திடல் அதிகாரி தனக்குப் பல்வலி என்று போய்விட்டார். துணை இயக்குநர் நாற்காலியில் இருந்தார். கிடங்கு எழுத்தர் மூலை மேசையில் முத்திரைகளோடு இருந்தார். காந்தம் நின்றான். மேசைமேல் கண்ணாடிப் பெட்டி, மூன்று நகலாக ஒரு படிவம், பக்கத்தில் வேறொரு காகிதம்.

"உன்கிட்ட ஒரு டப்பா இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார் துணை இயக்குநர், கனிவாக. "பயப்படாத. எல்லார்கிட்டயும் ஒரு டப்பா இருக்கு. மேல போகப் போக டப்பா பெருசாகும், அவ்வளவுதான். டப்பா இல்லாம இந்தத் துறையில ஒரு நாள் கணக்கு முடிக்க முடியாது. தப்பு டப்பா வச்சிருக்கறது இல்ல. தப்பான உறையை எடுத்துப் போட்டது."

"சரிங்க சார்."

"இது மிகுதிப் படிவம். நேத்து ராத்திரி நானே தயாரிச்சேன். இனிமே எல்லாத் திடல்லயும் இதுதான். கண்டெடுத்தவர் பேரு, தேதி, கண்டெடுத்த இடம். இடம்ங்கற கட்டத்துல, 'சுடும் கோடு, பதினான்காம் இடம்'னு எழுது. தொகுதி எண்ணை எழுத்தர் தப்பாப் படிச்சுட்டாரு, அவருக்குக் கண் சரியில்ல. அது முடிஞ்சுது. அடுத்தது இந்தக் காகிதம்." பக்கத்துத் தாளை விரலால் நகர்த்தினார். "உன் நிரந்தர ஆணை. பன்னெண்டு வருஷம் பெரிய விஷயம்."

காந்தம் ஆணையைப் பார்த்தான். அவன் பெயரில் எழுத்துப்பிழை இல்லை. இத்தனை வருடத்தில் அது முதல்முறை.

"வேற எடம் எழுதினா, சார்?"

துணை இயக்குநர் அதற்குக் கோபப்படவில்லை. நல்ல கேள்வி கேட்ட மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "நல்லா யோசிச்சுப் பாரு. துறை ஒரு தோட்டாவும் சுடல. அது பதிவாயிருக்கு. ஆனா சுட்ட உறை ஒண்ணு இருக்கு. துறை சுடலேன்னா வேற யாரோ சுட்டிருக்கணும். உறை யார் கையில இருந்துச்சு? உன் கையில. தோட்டா புழங்குற எடத்துல வேலை பாக்குறது யாரு? நீ. சுட்டவர் கட்டம் நிரம்பியாச்சு. அடுத்த கட்டம், இலக்கு." பேனாவால் மேசையை லேசாகத் தட்டினார். "உன் மச்சினன் ஒருத்தன் காணாமப் போயிருக்கான் இல்ல? உன் வீட்டம்மா வாரா வாரம் வர்றதா கேள்விப்பட்டேன். பாவம். எந்த எடம்னு சொல்றாங்க அவங்க?"

காந்தம் தன் கைகளைப் பார்த்தான். விரல்களில் மறுநிகழ்வுக்கு வைத்த பொட்டுகளின் பாசிப்பச்சையும் வெளிர் நீலமும் அப்படியே இருந்தன.

"நான் எதையும் கட்டாயப்படுத்தல. கட்டங்கள் தானா சேருது, நான் பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மணிக்கு ரயில். படிவத்தின் அடியில், மூன்று நகலிலும் பதியும்படி அழுத்திக் கையெழுத்துப் போட்டார். மேலே கட்டங்கள் காலியாக இருந்தன.

"சார், நிரப்பலியே இன்னும்" என்றார் எழுத்தர் மூலையிலிருந்து.

"அதுதான் புது முறை. முதல்ல அதிகாரி கையெழுத்து, அப்புறம் ஊழியர் எழுதறது. கீழ இருக்கறவங்க என் கையெழுத்தைப் பாத்துக்கிட்டே எழுதணும். அப்பதான் பொறுப்பு வரும்." எழுந்து காந்தத்தின் தோளைத் தட்டினார். "என் கையெழுத்துக்கு மேல நீ தப்பா ஒரு வார்த்தை எழுத மாட்டே. எனக்கு நம்பிக்கை இருக்கு. முத்திரை போட்டு ஒண்ணு தலைமையகத்துக்கு, ஒண்ணு கிடங்குக்கு, ஒண்ணு கண்டெடுத்தவருக்கு." வண்டி புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. இரும்புக் கதவைத் திறந்து மறுபடி பூட்டினார்கள்.

காந்தம் உட்காராமலே எழுதினான். பெயர். தேதி: ஆகஸ்ட் 20. இடம் என்ற கட்டத்தில், ஆறு வார்த்தை: ஆற்றுப் பாலம், வடக்குப் படிக்கட்டு, சாக்கடைக் கம்பி. கட்டம் சிறியதாக இருந்ததால் கடைசி வார்த்தை கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று.

எழுத்தர் தாளை மூக்கருகே கொண்டுபோனார். படித்தார். இன்னொருமுறை படித்தார்.

"கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு?"

"எல்லாக் கட்டமும் நிரப்பிட்டேன் சார்."

"அது தெரியுது." எழுத்தர் முத்திரையை மைப்பஞ்சில் ஒற்றினார். "அன்னிக்கி நாப்பது தோட்டா திரும்பி வந்துச்சு. நான்தான் வாங்கி வச்சேன். முப்பத்தொம்பதுல நாப்பத்தி நாலு பதினேழுன்னு இருந்துச்சு. ஒண்ணுல வேற எண். எண்ணச் சொன்னாங்க, எண்ணினேன். நாப்பது. படிக்கச் சொல்லல."

அவர் மூன்று நகலிலும் முத்திரையை அழுத்தினார். மூன்றாவதைக் கிழித்துக் கொடுத்தார். "நிரம்பின படிவத்துக்கு முத்திரை வைக்கணும். அது விதி. என்கிட்ட யாரும் வேற எதுவும் சொல்லிட்டுப் போகல" என்றார், காந்தத்தின் முகத்தைப் பார்க்காமல்.

நிரந்தர ஆணை மேசைமேலேயே கிடந்தது. காந்தம் வெளியே வந்தபோது மணி ஒன்றரை. காவல் நிலையத்தில் அன்றைய நேரம் முடிந்திருந்தது. வீட்டில் மனைவி தாளை வாங்கிப் படித்தாள். நீலச் சட்டையின் மடிப்புக்குள் வைத்தாள். அவனுக்கு நீராவி பறக்க ஒரு வாளித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். விரல்களைச் சீயக்காயும் மண்ணெண்ணெயுமாகத் தேய்த்துப் பார்த்தான். நிறம் முழுக்கப் போகவில்லை.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"எனக்கும்" என்றாள். அந்த ஏழு மாதத்தில் அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது அன்றுதான்.

*

திங்கட்கிழமை படிவம் தலைமையகத்தை அடைந்தது. அதை ரத்து செய்ய வேண்டுமானால், காலிப் படிவத்தில் கையெழுத்திட்டதாகத் துணை இயக்குநர் எழுதித் தர வேண்டியிருந்தது. கையெழுத்தை ரத்து செய்வதைவிடச் சுட்டவரைப் பதிவு செய்வது எளிது என்று குழு கருதியது. குழுவில் கருத்து வேறுபாடு இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, திடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காந்தத்தை வீட்டு வாசலில் வைத்து அழைத்துப் போனார்கள். அவனுடைய வலது கைவிரல்களில் உலோகக் குறியீட்டுத் திரவத்தின் தடயம் காணப்பட்டதாகக் குறிப்பில் எழுதினார்கள்.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பத்து மணிக்கு மனைவி காவல் நிலையத்துக்குப் போனாள். முத்திரையிட்ட நகலைக் காட்டினாள். நிலையத்தில் இருந்தவர் எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். ஏழு மாதத்தில் முதல்முறையாகப் புகார் பதிவாயிற்று. வரிசை எண் கொடுத்தார்கள். துணி வாங்கும் அதிகாரி அன்று வந்திருந்தார். நீலச் சட்டைக்கு ரசீது எழுதித் தந்தார். காணாமல் போனவர்: புகார்தாரரின் தம்பி. இடம்: ஆற்றுப் பாலம். குற்றம் சாட்டப்பட்டவர்: புகார்தாரரின் கணவர்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துத் தந்தார்கள். அவள் இடம் என்ற கட்டத்தை மறுபடி ஒருமுறை படித்தாள். கடைசி வரியை அடிக்கச் சொன்னாள். அடித்தால் புகார் முழுமையாகாது என்றார்கள். பன்னிரண்டு ஐம்பதுவரை அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கடைசி வரிக்கு எதிரே, ஓரத்தில், 'இது பொய்' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்திட்டாள். ஓரத்தில் எழுதுவதைத் தடுக்க விதி இல்லாததால் பெற்றுக்கொண்டார்கள்.

அதே நாள் பயிற்சித் திடலில் அறுநூறு தோட்டாக்கள் சுடப்பட்டு, ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது உறைகள் பொறுக்கப்பட்டன. முப்பது பேரும் வரிசையாக நின்று குனிந்தார்கள். மாலை ஆறு மணிவரை தேடியும் கிடைக்கவில்லை.